தற்காப்புக்கு ஒரு ரிவோல்வர்?

தன் உயிருக்குப் பாதுகாப்பாக ஒருவன் நாள்தோறும் இடுப்பில் ஒரு ரிவோல்வரைச் செருகிக்கொண்டு நடமாடலாமா? அது நீதிநெறிக்கு ஒத்ததா? ஒத்ததாயின் எத்தகைய ரிவோல்வரை அவன் தெரிந்துகொள்ள வேண்டும்? முதலிரு கேள்விகளும் ஒழுக்கவியலுக்கு உரியவை, மூன்றாவது துப்பாக்கி வியாபாரிக்கு உரியது என்றே எவரும் சொல்வர். ஆனால் சற்று ஊன்றி நோக்கினால், மூன்றாவது கேள்விக்குள்ளேயே முதலிரு கேள்விகளும் அடங்கிக் கிடப்பதைக் காணலாம். அதனை எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது நமக்குத் தொலைதூரத்துக் கேள்வியன்று. அமெரிக்காவின் அதியுயர் நீதிமன்றம், வீட்டுக்கு வெளியேயும் கைத்துப்பாக்கி தரித்துச் செல்வது குடிமக்களின் உரிமை என 2022 ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. அங்கே சப்பாத்துத் தெரிவதுபோல ரிவோல்வர் தெரிகிறார்கள். நம் நாட்டில் நிலைமை வேறு. 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி துப்பாக்கி வைத்திருக்க அனுமதிப்பத்திரம் வேண்டும். அதனை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். தற்காப்புக்கெனக் கைத்துப்பாக்கி வேண்டுவோர் பாதுகாப்பு அமைச்சின் கதவைத் தட்ட வேண்டும். ஆயினும் அக்கதவைத் தட்டியவர்கள் பலர். அவ்வாறு தனியாருக்கு வழங்கப்பட்ட துப்பாக்கிகளைத் தற்காலிகமாகத் திருப்பி ஒப்படைக்கும்படி 2024 நவம்பரில் அமைச்சு அறிவித்தபோதுதான், இத்தனை பேர் இடுப்பில் ஆயுதம் இருந்ததா என்று சாதாரண மக்கள் வியந்தார்கள்.

அதற்கு மூன்று மாதங்கள் கழித்து, 2025 பெப்ரவரி 19 ஆந் திகதி, கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்தினுள்ளே சட்டத்தரணியின் உடையில் வந்த ஒருவன் அங்கு கொண்டுவரப்பட்டிருந்த ஒரு கைதியைச் சுட்டுக் கொன்றான். அவன் கையாண்ட ரிவோல்வர், உள்ளே குடைந்தெடுக்கப்பட்ட ஒரு சட்டப் புத்தகத்துக்குள் மறைத்துக் கொண்டுவரப்பட்டது. சட்டப் புத்தகத்தின் வயிற்றைக் குடைந்து அதில் ரிவோல்வரை வைத்த இக்காலத்தில், "நீதிபதியின் முன்னிலையிலேயே பாதுகாப்பு இல்லை, இருட்டிய பின் தெமட்டகொடை ஒழுங்கையால் நடந்துபோகும் எனக்கு யார் பாதுகாப்பு?" என்று ஒருவர் கேட்டால், அவரைக் கோழை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. கப்பம் கேட்டு வரும் தொலைபேசி அழைப்புக்கு அஞ்சிக் கடையைப் பூட்டும் வர்த்தகரின் அச்சம் கற்பனையான அச்சமன்று. ஆதலால் இக்கேள்விக்குப் பொறுப்புடன் விடை சொல்ல வேண்டும்.

தற்காப்பு உரிமை உண்டா?

உண்டு. நம் தண்டனைச் சட்டக்கோவை 1883 ஆம் ஆண்டு தொட்டே இதனை ஏற்றிருக்கிறது. அதன் 89 முதல் 99 வரையான பிரிவுகள் தற்காப்புரிமையை வரையறுக்கின்றன. கொலை, கொடுங்காயம், பாலியல் வல்லுறவு, ஆட்கடத்தல் போன்ற தாக்குதல்களை எதிர்க்கும்போது தாக்குவோனுக்கு மரணமே நேரினும் அது குற்றமாகாது. இரவில் வீட்டை உடைத்துப் புகுவோனையும், குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைப்போனையும் எதிர்ப்பதும் அவ்வாறே. ஆனால் அதிகாரிகளின் உதவியை நாட நேரம் இருக்கும்போது இவ்வுரிமை இல்லை. காப்புக்குத் தேவையான அளவை மீறித் தீங்கு செய்யவும் உரிமை இல்லை.

திருச்சபையின் போதனையும் ஏறக்குறைய இதே பாதையிலேயே செல்கிறது. ஆனால் அது ஒரு நாளில் வந்த முடிபன்று. நான்காம் நூற்றாண்டில் மிலான் ஆயரான புனித அம்புறோஸ், கள்வன் தாக்கினாலும் கிறிஸ்தவன் தன் உயிருக்காகத் திருப்பி அடிக்கலாகாது என்று கருதினார். அவரிடம் ஞானஸ்நானம் பெற்ற புனித அகுஸ்தீன், போர்வீரனோ பொது அதிகாரியோ பிறரைக் காக்கும் கடமையில் கொல்வது வேறு, தனி மனிதன் தன்னுயிரைக் காக்கக் கொல்வது வேறு என்று பிரித்து, பின்னையதை ஏற்கத் தயங்கினார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமஸ் அக்குவினாஸ் இக்கேள்வியை மீண்டும் எடுத்து ஆராய்ந்தார். ஒரு செயலுக்கு இரு விளைவுகள் இருக்கலாம் என்றார் அவர். தன் உயிரைக் காப்பது ஒன்று; தாக்குவோன் மடிவது மற்றொன்று. முன்னையது கருதப்படுவது, பின்னையது கருத்துக்கு அப்பால் நேர்வது. ஒருவன் முன்னையதையே கருதி, தேவைக்கு மிஞ்சாத பலத்தைப் பிரயோகித்தால் அவன் குற்றமற்றவன். ஆனால் தனி மனிதன் எவனும் தற்காப்புக்காகக் கூட, கொல்லுவதையே நோக்கமாகக் கொள்ளலாகாது என்பதையும் அவர் அதே இடத்தில் தெளிவாகச் சொல்லி வைத்தார். 1992 ஆம் ஆண்டில் வெளிவந்த கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி நூல் இப்போதனையையே வழிமொழிகிறது. பிறருடைய உயிருக்குப் பொறுப்பானவருக்குத் தற்காப்பு உரிமையாக மட்டுமின்றிப் பாரிய கடமையாகவும் அமையலாம் என்று அது மேலும் கூறுகிறது.

எனவே, "கிறிஸ்தவன் ஒரு கன்னத்தில் அடிபட்டால் மறு கன்னத்தைக் காட்ட வேண்டியவன், அவனுக்குத் தற்காப்பு ஏது?" என்று இவ்விவகாரத்தை ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது சரியன்று. என் கன்னத்தைக் காட்ட எனக்கு உரிமை உண்டு. என் பிள்ளையின் கன்னத்தை, என் அயல்வீட்டு விதவையின் கன்னத்தைக் காட்ட எனக்கு உரிமை இல்லை.

ஆனால் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. மேற்சொன்ன அறிஞர்கள் எல்லோரும் தாக்குதல் நடக்கும் அந்தக் கணத்தைப் பற்றியே பேசுகிறார்கள். கையில் அகப்பட்ட தடியையோ கத்தியையோ எடுத்துத் தடுப்பவனைப் பற்றியே பேசுகிறார்கள். நாம் ஆராய்வதோ, எந்தத் தாக்குதலும் நிகழாத ஒரு காலைப் பொழுதில், அமைதியாக உட்கார்ந்து, யாரையோ சுடுவதற்கு ஏற்ற கருவியைத் தெரிந்தெடுத்து, அதனை நாளும் உடன் கொண்டு திரியும் மனிதனைப் பற்றி. இருட்டில் நடுங்கும் கை தன்னிச்சையாகச் செய்வது ஒன்று. பகலில் தெளிந்த மனம் முன்கூட்டியே தீர்மானிப்பது வேறொன்று. "இன்னது நேர்ந்தால் சுடுவேன்" என்பதும் ஒரு தீர்மானந்தான். அந்த "இன்னது" எது என்பதை அவன் தெளிவாக அறிந்திருக்கிறானா என்பதே கேள்வி.

வியாபாரியின் மேசையில்

ரிவோல்வர் வாங்க வருபவன் என்னென்ன பார்ப்பான்? ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது, நம்பகம். 1836 ஆம் ஆண்டில் சாமுவேல் கோல்ட் என்ற அமெரிக்கர் காப்புரிமை பெற்ற காலம் முதல் ரிவோல்வரின் அடிப்படை அமைப்பு பெரிதும் மாறவில்லை. சுழலும் உருளையில் ஐந்தோ ஆறோ அறைகள். ஒவ்வோர் அறையிலும் ஒரு ரவை. ஒன்று வெடிக்கத் தவறினால் விசையை மறுபடியும் இழுத்தால் போதும், அடுத்த அறை வந்து நிற்கும். தானியங்கிப் பிஸ்டலைப் போல இடையில் சிக்கிக்கொள்ளும் தொல்லை குறைவு. ரவை நிரப்பி மேசை லாச்சியில் வைத்தால் மாதக்கணக்கில் கிடந்தாலும் எடுத்தவுடன் வேலை செய்யும். பெரும்பாலான ரிவோல்வர்களில் தனியான பாதுகாப்புப் பூட்டும் இல்லை. எப்பொழுதும் ஆயத்தம் என்பதே இதன் பெருமை.

எப்பொழுதும் ஆயத்தம் என்றால், எல்லோருக்கும் ஆயத்தம் என்பதும் அதனுள் அடங்கும். லாச்சியைத் திறக்கும் ஏழு வயதுப் பிள்ளைக்கும் அது ஆயத்தம். மது மயக்கத்தில் மனைவியோடு பிணங்கும் கணவனுக்கும் அது ஆயத்தம். எல்லாவற்றிலும் மேலாக, வாழ்வு கசந்து இனி ஏன் என்று எண்ணும் ஒரு நள்ளிரவுக்கும் அது ஆயத்தம். அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் மரணங்களில் பாதிக்கு மேற்பட்டவை தற்கொலைகள். 1993 ஆம் ஆண்டில் அங்குள்ள புகழ்பெற்ற மருத்துவ சஞ்சிகையொன்றில் வெளியான ஓர் ஆய்வு, துப்பாக்கி உள்ள வீட்டில் கொலை நிகழும் அபாயம் ஏறக்குறைய மூன்று மடங்கு என்றும், கொல்லப்பட்டவர்களுள் பெரும்பாலோர் உறவினர் அல்லது அறிமுகமானவர் கையாலேயே மடிந்தனர் என்றும் காட்டியது. அவ்வாய்வின் முடிபு குறித்து வாதப் பிரதிவாதங்கள் உண்டு. ஆனால் நம் நாட்டின் அனுபவம் ஒன்று இருக்கிறது, அதனை மறுப்பாரில்லை. 1995 ஆம் ஆண்டில் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் என்ற அளவில் தற்கொலை உச்சத்தை எட்டியது. கொடிய பூச்சிநாசினிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டதன் பின், இருபது ஆண்டுகளில் அது ஏறக்குறைய எழுபது வீதத்தால் குறைந்தது. மக்களின் துயரம் எழுபது வீதத்தால் குறைந்துவிட்டதா? இல்லை. கைக்கெட்டிய தூரத்தில் இருந்த நஞ்சு அகற்றப்பட்டது. கணநேர வெறி தணியும்வரை உயிர் பிழைத்தது. குடிசையின் தாழ்வாரத்தில் கிடந்த பூச்சிநாசினிப் போத்தல் போன்றதே லாச்சியில் கிடக்கும் ரிவோல்வரும்.

இரண்டாவது, அளவு. நாள்தோறும் தரித்துச் செல்பவனுக்குச் சிறிய ரிவோல்வரே வசதி. குழல் குட்டையாக இருந்தால் காற்சட்டைப் பையிலும் அடங்கும். ஆனால் குட்டைக் குழலால் குறிபார்த்துச் சுடுவது கடினம். எடை குறைந்ததாயின் கையை உதறும். எனவே இடைவிடாப் பயிற்சி வேண்டும். அப்பயிற்சி இல்லாதவன் தரித்திருப்பது அவனுக்கும் அயலவருக்கும் ஆபத்து. இதுவன்றி, சிறிதாக இருக்க வேண்டியது எதற்காக? மற்றவர் காணாதிருப்பதற்காக. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அறியார். தேநீர்க்கடையில் சிரித்துப் பேசுபவர் அறியார். ஞாயிறு திருப்பலியில் சமாதான வாழ்த்துக் கூறி நம் கையைப் பற்றுகிறவர், மறு கைக்கு எட்டும் இடத்தில் என்ன இருக்கிறதென்று அறியார். அன்றாட உறவு முழுவதிலும் ஓர் இரகசியத்தை வைத்துக்கொண்டு வாழ்வது என்பது சிறிய காரியமன்று. 1917 ஆம் ஆண்டின் பழைய திருச்சபைச் சட்டத்தொகுப்பு, நியாயமான அச்சத்துக்குக் காரணம் இருந்தாலன்றிக் குருக்கள் ஆயுதம் தரிக்கலாகாது என்று விதித்திருந்தது. எல்லோரையும் வரவேற்கக் கடமைப்பட்டவன் யாரையாவது சுட ஆயத்தமாக நிற்பது பொருந்தாது என்பதே அதன் உட்பொருள். அக்கடமை குருக்களுக்கு மட்டும் உரியதன்று.

மூன்றாவது, ரவையின் வலு. சிறிய ரவை தாக்குவோனை நிறுத்தாமற் போகலாம். பெரிய ரவை நிறுத்தும். ஆனால் அவனையும் ஊடுருவி, பின்னால் இருக்கும் சுவரையும் துளைத்துச் செல்லலாம். கல் மாளிகையில் தனித்து வாழ்பவருக்கு இது ஒரு கணக்கு மாத்திரம். தெமட்டகொடையின் தோட்டக் குடியிருப்புகளிலோ ஒரு வீட்டின் சுவரே அடுத்த வீட்டின் சுவர். பலகைத் தடுப்புக்கு அப்பால், ஒரு சாண் தூரத்தில், அயல்வீட்டுக் குழந்தை பாயில் உறங்குகிறது. எனவே "எந்த ரவை நல்லது?" என்ற கேள்வி, "என் அயலவனின் குழந்தை எங்கே படுக்கிறது?" என்ற கேள்வியாக மாறிவிடுகிறது. அதற்கு விடை தெரிந்தவன், அயலவனோடு நெருங்கிப் பழகியவன். அப்படிப் பழகியவனுக்கு ரிவோல்வரின் தேவையும் குறைந்து போகிறது.

நான்காவது, விசை. ரிவோல்வரின் விசையை இழுக்க ஓரளவு பலம் வேண்டும். சுத்தியலை முன்கூட்டியே பின்னிழுத்து வைத்தால் மிக இலேசாகத் தொட்டாலே போதும். இலேசான விசை நல்லது என்பார் சிலர். அந்தக் கனத்துக்குள் ஒரு நொடி அடங்கியிருக்கிறது. எதிரே நிற்பவன் கொலைஞனா, வழிதவறி வந்த குடிகாரனா, மின்வெட்டு இரவில் பின்கதவால் நுழையும் சொந்த மகனா என்று அறிய மனிதனுக்குக் கிடைப்பது அந்த நொடி மாத்திரமே. மோயீசனின் சட்டம் இதனை அழகாக உணர்ந்திருந்தது. இரவில் சுவரைக் கன்னமிடும் கள்வனை அடித்துக் கொன்றால் இரத்தப்பழி இல்லை. சூரியன் உதித்தபின் கொன்றாலோ இரத்தப்பழி உண்டு என்கிறது யாத்திராகமம். இருளில் வந்தவன் உயிரை நாடி வந்தானா பொருளை நாடி வந்தானா என்று அறிய இயலாது, வெளிச்சத்தில் அறியலாம். அறிய இயலும்போது அறியாமலே கொல்வது குற்றம்.

தெமட்டகொடையில் ஆறு ரவைகள்

இவையெல்லாம் சமாதான காலத்துப் பேச்சு என்று சிலர் சொல்லலாம். "1983 ஜூலையில் எங்கள் வீட்டு வாசலுக்கு அவர்கள் வந்தபோது என் தந்தையார் கையில் ஒரு துப்பாக்கி இருந்திருந்தால்!" என்று மனத்துக்குள் கேட்காத தமிழ்க் குடும்பம் கொழும்பில் குறைவு. துப்பாக்கிக்குச் சார்பாகச் சொல்லத்தக்க வாதங்களுள் இதுவே மிகப் பலம் வாய்ந்தது. இதனைத் தட்டிக் கழிக்காமல் எதிர்கொள்ள வேண்டும்.

ஜூலை 24 ஆந் திகதி இரவு கனத்தை மயானத்தில் கூடிய கூட்டம் பொரளையில் தீ மூட்டியது. மறுநாள் அது தெமட்டகொடை, மருதானை, கிராண்ட்பாஸ் என்று பரவியது. வாக்காளர் இடாப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகத் தேடினார்கள். சட்டத்தைக் காக்க வேண்டியவர்கள் பல இடங்களில் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தெமட்டகொடைக்கு அண்மையில், பேஸ்லைன் வீதியில் உள்ள வெலிக்கடைச் சிறைச்சாலையில் 25 ஆந் திகதியும் 27 ஆந் திகதியும் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். அதிகாரிகளின் உதவியை நாட நேரம் இருந்தால் தற்காப்புரிமை இல்லை என்கிறது சட்டம். அன்று நாடுவதற்கு எந்த அதிகாரி இருந்தார்? சட்டப்படியும் நீதிநெறிப்படியும் அன்று அந்த வீட்டுக்காரருக்குத் தற்காப்புரிமை முழுமையாக இருந்தது. இதில் ஐயமே வேண்டாம்.

உரிமை இருந்தது, ஆறு ரவைகளால் அவ்வுரிமை நிறைவேறியிருக்குமா? வாசலில் நிற்போர் ஐவரானால் ஒருவேளை அவர்கள் ஓடியிருக்கலாம். ஐந்நூறு பேரானால் ஏழாவது மனிதன் பெற்றோல் கலனுடன் நின்றிருப்பான். முன்னர் பார்த்துக்கொண்டு நின்ற சீருடைக்காரனுக்கும் சுடுவதற்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும். இதனை உறுதியாகச் சொல்ல யாராலும் இயலாது. ஆனால் தண்டனைச் சட்டக்கோவை ஒன்றை முன்னமே எண்ணிப் பார்த்திருக்கிறது. தற்காப்புரிமை பற்றிய பகுதியின் கடைசிப் பிரிவில் ஓர் உதாரணம் வருகிறது: தன்னைக் கொல்ல வரும் கும்பலிடமிருந்து ஒருவன் தப்ப வேண்டுமானால் கும்பலை நோக்கிச் சுடத்தான் வேண்டும், கும்பலுக்குள் சிறு பிள்ளைகள் கலந்து நிற்கிறார்கள், அவன் சுட்டதில் ஒரு பிள்ளை காயமுற்றாலும் அவன்மீது குற்றமில்லை. சட்டம் அவனை விடுதலை செய்கிறது. ஆனால் வீட்டுக்குப் போய்க் கண்ணை மூடும்போது அந்தப் பிள்ளையின் முகம் அவனை விடுதலை செய்யுமா? குற்றமின்மை வேறு, மனச்சாந்தி வேறு.

அந்நாள்களில் உயிர் பிழைத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலானோர் ஒரே வகையான விடையைத் தருவர். அயலில் வாழ்ந்த சிங்களக் குடும்பம் தன் அறையில் ஒளித்து வைத்தது. முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் வாசலில் நின்று, "இங்கே தமிழர் யாரும் இல்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். ஆலயத்தின் கதவு திறக்கப்பட்டது. பல ஆண்டுகளாகப் பரிமாறப்பட்ட பொங்கலும் வட்டிலாப்பமும் கிரிபத்தும் அன்று உயிர் காத்தன. ரிவோல்வர் காக்கக்கூடியது ஆறு தடவை. அயலவர் காப்பதற்குக் கணக்கில்லை. எல்லா அயலவரும் காக்கவில்லை என்பதும் உண்மையே. காட்டிக் கொடுத்தவரும் உண்டு. ஆனால் எவர் காப்பார், எவர் காட்டிக் கொடுப்பார் என்பது முன்னரே பழகியவருக்கே தெரிந்திருந்தது.

தற்காப்புக்கு எடுத்த துப்பாக்கி எங்கே போய் நிற்கும் என்பதற்கும் நம் வரலாறே சாட்சி. 1983 இன் பின் ஆயிரக்கணக்கான இளைஞர் நம்மைக் காக்க என்றே ஆயுதம் ஏந்தினர். அவர்களுடைய கோபத்தின் நியாயத்தை யாரும் மறுக்கவில்லை. ஆயினும் அத்துப்பாக்கிகள் சில ஆண்டுகளுக்குள்ளேயே தமிழர் மார்பை நோக்கித் திரும்பின. 1989 ஜூலை 13 ஆந் திகதி அமிர்தலிங்கமும் யோகேஸ்வரனும் கொழும்பிலே, தங்கள் இல்லத்திலே, பொலிஸ் காவல் இருக்கவே, பேச வந்த விருந்தினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன், 1959 செப்டெம்பர் 25 ஆந் திகதி, ரொஸ்மிட் பிளேசில் பிரதமர் பண்டாரநாயக்க, காவியுடையில் வந்தவரை வணங்கிய வேளையில் ரிவோல்வரால் சுடப்பட்டார். இரு இடங்களிலும் மரணம் கள்வனைப் போலச் சுவரேறி வரவில்லை. வரவேற்கப்பட்ட விருந்தாக வாசலால் வந்தது. இடுப்பில் ரிவோல்வர் தரித்தவனும் விருந்தினரை வணங்கும்போது கைகூப்பியே ஆக வேண்டும். மறுநாள் உயிர்நீத்த பண்டாரநாயக்க, தம்மைச் சுட்டவர்மீது இரக்கம் காட்டும்படியும் பழிவாங்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார் என்பதும் நினைவுகூரத் தக்கது.

எதிரியின் முகம்

"தற்கொல்லியை முற்கொல்ல வேண்டும்" என்பது நம்முடைய பழமொழி. தன்னைக் கொல்ல வருபவனை முந்திக்கொண்டு கொல் என்கிறது. இதில் ஒரு பெரிய இடர் உண்டு: தற்கொல்லி யார் என்று முன்கூட்டியே எப்படித் தெரியும்? கொல்ல வந்தவனை அறியலாம். கொல்ல வரக்கூடியவனை அறிய முடியாது. அறிய முடியாத இடத்தில் அச்சம் தானாகவே ஒரு முகத்தை வரைந்துகொள்ளும். நாளும் ரிவோல்வர் தரிப்பவனுக்கு அந்த முகம் நாளும் தேவைப்படுகிறது. இல்லையேல் அவன் எதற்காக அதைச் சுமக்கிறான்?

கொழும்பில் அந்த முகம் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. 1983 இலும் அதன்பின் குண்டுகள் வெடித்த ஆண்டுகளிலும் அது தமிழனின் முகம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும் கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் விருந்தினர் விடுதிகளிலும் 260 இற்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அன்று பிற்பகல் தெமட்டகொடை மஹவில பகுதியில் ஒரு வீட்டைச் சோதனையிடச் சென்ற பொலிசார் மூவரும் குண்டுவெடிப்பில் மாண்டனர். அந்நாள் முதல் முகம் முஸ்லிமின் முகமாயிற்று. அடுத்த மாதம், மே 13 ஆந் திகதியை ஒட்டி, மினுவாங்கொடையிலும் குருநாகல் மாவட்டத்திலும் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. 1983 இல் தமிழரைத் தம் வீட்டில் ஒளித்து வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் 2019 இல் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தார்கள். அவ்வேளையில் தெமட்டகொடையில் வாழும் ஒவ்வொரு கிறிஸ்தவனின் இடுப்பிலும் ஒரு ரிவோல்வர் இருந்திருந்தால், அது யாரை நோக்கித் திரும்பியிருக்கும்?

அதே உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பிலே வேறொன்றும் நடந்தது. தோள்பையுடன் வந்த அந்நியனை ஐயுற்று, ஆலய வாசலிலேயே மறித்து, உள்ளே விடாமல் தடுத்தார் ஒருவர். அவர் கையில் ஆயுதம் எதுவுமில்லை. குண்டு வெளியிலே வெடித்தது. அவர் மாண்டார், உள்ளே இருந்தவர்களுள் மிகப் பலர் பிழைத்தனர். தற்காப்பின் மிக உயர்ந்த வடிவம் எது என்று கேட்டால் இதனையே காட்ட வேண்டும். விழிப்பு அவரைக் காவலனாக்கியது; அன்பு அவரை வாசலில் நிறுத்தியது.

ஒலிவத் தோட்டத்திலும் வாள் தரித்த ஒருவர் இருந்தார். தம் ஆண்டவரைக் காக்கவே அதனை உருவினார். படைவீரர் பலர் நின்ற அவ்விடத்தில் வாள் போய் விழுந்தது யார்மீது? தலைமைக்குருவின் ஊழியன் ஒருவன்மீது. கட்டளைக்குக் கீழ்ப்பட்டு வந்த ஏழை ஒருவனின் காது அறுந்தது. ஆண்டவர் வாளை உறையில் இடச் சொன்னதோடு, அவனைத் தொட்டுக் குணமாக்கினார். அவசரத்தில் உருவப்பட்ட ஆயுதம் பெரும்பாலும் அப்படித்தான்: குற்றவாளியை விட்டு, அருகில் நிற்பவனைக் காயப்படுத்தும்.

முடிவாக

உயிருக்கு உறுதியான அச்சுறுத்தல் உள்ளவரும், பிறர் உயிருக்குப் பொறுப்பானவரும், சட்டப்படி அனுமதி பெற்று, பயிற்சி பெற்று, பூட்டி வைத்து, தன் மனச்சாட்சியை நாள்தோறும் சோதித்து ஆயுதம் வைத்திருந்தால் அவரைப் பாவி என்று தீர்ப்பிட நமக்கு உரிமை இல்லை. அவருடைய சுமை பெரியது. அதற்காக இரங்க வேண்டும். ஆனால் அவர் ஒரு விதிவிலக்கு. விதிவிலக்கை வழக்கமாக்கி, எல்லோரும் ஆயுதம் தரிப்பதே பாதுகாப்பு என்பது தவறு. கிராமங்களில் உரிமம் பெற்ற துப்பாக்கி இருந்த வீடுகளைத் தேடியே 1971 இலும் 1987 முதல் 1989 வரையிலும் கிளர்ச்சியாளர் சென்றனர். ஆயுதம் இருக்கும் வீட்டை நாடியே ஆயுதம் வேண்டுவோன் வருகிறான்.

மற்றவர்கள் செய்ய வேண்டியது என்ன? ஒழுங்கையில் எரியாத தெருவிளக்கைப் பற்றி மாநகர சபைக்கு எழுதுங்கள், எரியும்வரை எழுதுங்கள். இரு பக்கத்து வீட்டுக்காரரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் வீட்டில் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்கட்டும். அவர்கள் எந்த இனத்தவராயினும், எந்த மதத்தவராயினும். கப்பம் கேட்டு அழைப்பு வந்தால் தனியே அஞ்சிக் கிடவாமல் மற்ற வர்த்தகரோடு சேர்ந்து முறைப்பாடு செய்யுங்கள். பொலிசார் கடமை தவறினால் அதனைப் பகிரங்கமாகக் கேளுங்கள். தனியார் கையில் துப்பாக்கி பெருகுவது அரசின் நீதி தேய்ந்து போவதன் அடையாளம். நீதி தேய்ந்ததற்கு மருந்து, ஒவ்வொருவரும் தன் இடுப்பில் ஒரு சிறு அரசை நிறுவிக்கொள்வதன்று. ஒரே அரசு எல்லோரையும் ஒரே கண்ணால் பார்க்கும்படி ஓயாது வற்புறுத்துவதே.

இவற்றைச் செய்தபின்னும் ஆபத்து வரலாம். வராது என்று எவரும் வாக்குறுதி தர முடியாது. ரிவோல்வர் விற்பவரும் தர முடியாது. ஆனால் ஆபத்து வரும் அந்த இரவில், நம் கூக்குரல் கேட்டுக் கதவைத் திறந்து ஓடி வருவதற்குப் பக்கத்து வீட்டில் ஒரு மனிதன் இருக்க வேண்டும். அந்த மனிதனை நமக்காக யாரும் கடையில் வாங்கித் தர இயலாது. இன்றே போய் அவரிடம் சுகம் விசாரியுங்கள்.